அடிக்கு முன்னால் ஒரு டக்

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் பூவராகன் ஐந்து மடிக்கணினிகளைக் கொன்றிருந்தான். முதலாவதை மேசை விளிம்பில் ஓங்கி அறைந்தான். இரண்டாவதன் மூடியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாக முறித்தான். மூன்றாவதன் முதுகில் பூட்ஸ் காலோடு ஏறிக் குதித்தான். நான்காவதைச் சுவரில் எறிந்தான். ஐந்தாவதை என்ன செய்தான் என்று அவனுக்கே சரியாக ஞாபகமில்லை. கோபத்தில் செய்ததெல்லாம் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கிறது? கூடத்தின் நாலு மூலையிலும் இருந்த கேமராக்களுக்கு இருந்தது, அது போதும்.

இதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஒரகடம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, அலுவலகங்களுக்கென்று தயாராகும் மடிக்கணினிகள் சந்தைக்குப் போகும் முன் வந்து சேரும். அங்கே ஓர் இயந்திரக் கை மூடியை முப்பதாயிரம் தடவை திறந்து மூடும். இன்னோர் இயந்திரம் இடுப்பு உயரத்திலிருந்து இருபத்தாறு வாகில் கீழே போடும். ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. விசைப்பலகையில் காபி ஊற்ற ஒரு குழாய், மூடியை நசுக்க ஒரு பலகை. எல்லாம் முறையாக நடக்கும். ஆனால் இத்தனையும் தாங்கிய சரக்கு, விற்று மூன்றே மாதத்தில் நொறுங்கித் திரும்பி வந்தது.

கூடத்தின் தலைவி ரெஜினா அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "இதெல்லாம் தவறி விழுந்து ஒடையல. ஒடைக்கறாங்க. டார்கெட் முடியலன்னா மேனேஜர் குத்தறான். வேலையை விட்டுத் தூக்கினா கிளம்பறவன் எறிஞ்சுட்டுப் போறான். மெஷின் ஒரே மாதிரி அடிக்கும். மனுசன் அப்படி அடிக்க மாட்டான்." ஆகவே அவளுக்கு ஒரு மனிதன் தேவைப்பட்டான். நிஜமாகவே கோபம் வருகிற, வந்தால் நிற்காத மனிதன்.

அப்போது பூவராகன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் சூப்பர்வைசர் ஏதோ சொல்ல, அவருடைய மடிக்கணினியைப் பிடுங்கி, அதனாலேயே அவருடைய மேசையை உடைத்தான். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஊரில் எத்தனையோ பேருக்குக் கோபத்தால் வேலை போகிறது. இவனுக்குப் போன கையோடு இன்னொன்று வந்தது.

"வீட்லயும் இப்படித்தானா?" என்று நேர்முகத்தில் கேட்டாள் ரெஜினா.

"எப்பவாச்சும் மேடம்."

அவள் 'எப்பவாச்சும்' என்று காகிதத்தில் குறித்துக்கொண்டாள். அதற்குமேல் துருவவில்லை. அந்த 'எப்பவாச்சும்' மாதத்துக்கு எத்தனை முறை என்று சுகந்தியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவன் மனைவியை யார் கேட்கப் போகிறார்கள்?

அவன் வேலையில் சேர்ந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு திங்கள்கிழமை, ரெஜினா அவன் முன்னால் ஒரு சாம்பல் நிற மடிக்கணினியை வைத்தாள். லேசாக இருந்தது. ஒரு கையால் தூக்கலாம். ஓரங்கள் மட்டும் சற்றுத் தடிப்பு.

"இதுக்கு இன்னும் பேர் வைக்கல. நாங்க ஆமைன்னு கூப்பிடறோம்," என்றாள்.

"இதுல என்ன மேடம் விசேசம்? ரெண்டு தட்டு தட்டினா போயிடும் போல இருக்கே."

"சும்மா இருக்கறப்ப அப்படித்தான். கனமா, தடியா செஞ்சா ஒடையாது. ஆனா யாரு தூக்கிட்டு அலையறது? அதனால இது அடி விழற நேரத்துக்கு மட்டும் இறுகிக்கும். ஓட்டுக்குள்ள ஒரு கூழ் இருக்கு. மின்சாரம் பாஞ்சா கல்லாயிடும். கீல் பூட்டிக்கும். கீ எல்லாம் உள்ள அமுங்கிக்கும்."

"அடி விழப்போகுதுன்னு அதுக்கு யாரு சொல்றது?"

"அதுவே பாத்துக்கும். முன்னால உக்காந்திருக்கறவங்க மொகத்தைப் பாக்கும். மூச்சைக் கேக்கும். விரல்ல ரத்தம் ஓடறதைப் படிக்கும். நாம கை ஓங்கறதுக்கு அரை செகண்டு முன்னாடி ஒடம்புல ஒரு மாத்தம் வருது பூவராகன். அடிக்கப்போறோம்னு நமக்கே தெரியறதுக்கு முன்னாடி. அந்த மாத்தம் எப்படி இருக்கும்னு இது யார்கிட்ட கத்துக்கிச்சு தெரியுமா?"

அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"உங்ககிட்டதான். பதினோரு மாசமா நாப்பதாயிரம் அடி. இது உங்க பிள்ளை மாதிரி."

பூவராகனுக்கு உச்சி குளிர்ந்தது. அவனைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை. ஆமையின் முன் உட்கார்ந்து சுத்தியலை எடுத்துக்கொண்டான். பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, தொண்டை கிழியக் கத்தி, ஓங்கிய சுத்தியலை ஒரு விரற்கடைக்கு முன் நிறுத்தினான். ஆமை அசையவில்லை. இருபது தடவை நடித்துப் பார்த்தான். திரையில் ஒரு கட்டெறும்பு ஊர்ந்தது, அவ்வளவுதான். பொய்க் கோபத்துக்கு அது மசிகிற ஜாதி இல்லை.

ரெஜினா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். வேலையில் சேர்ந்த அன்று, தனக்கு எதெதற்குக் கோபம் வரும் என்று பூவராகனே எழுதிக்கொடுத்த பட்டியல் அது. கூடத்தில் அது ஒரு வழக்கம். கோபம் வராத நாட்களில் ரெஜினா அதிலிருந்து ஒன்றை எடுத்துப் படிப்பாள், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில். 'உன் மூஞ்சிக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்' என்றால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். அன்று அவள் எதையும் படிக்கவில்லை. கடைசி வரியை மனதுக்குள் படித்துக்கொண்டாள். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல், கண் கொட்டாமல், அவனையே பார்த்தாள்.

கடைசி வரி இது: 'நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லாம என் வீட்டுக்காரி என்னையே பாக்கறது.'

டக்.

விரல் சொடுக்கியது போன்ற சத்தம்தான். அது கேட்டு முடிப்பதற்குள் சுத்தியல் இறங்கியது. அடுத்த ஒன்பது நிமிடம் பூவராகன் அடித்தான். மூடியில், முதுகில், மூலையில், சுத்தியலின் தலை கழன்று பறந்த பிறகு கட்டையால், கட்டை பிளந்த பிறகு முழங்கையால். முழங்கைத் தோல் கிழிந்து ஆமையின்மேல் ரத்தம் வடிந்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது, ரெஜினா ஒரு துணியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். திரை பளிச்சென்று எரிந்தது. கட்டைவிரல் நக நீளத்துக்கு ஒரே ஒரு கீறல்.

"நல்லா வளத்திருக்கீங்க," என்றாள் ரெஜினா.

கூடத்துச் சோதனையெல்லாம் முடிந்த சரக்கை ஒரு மாதம் வீட்டில் வைத்து நிஜமாகப் பயன்படுத்திப் பார்ப்பது கடைசிக் கட்டம். ஆமையைத் தன் வீட்டுக்கே கேட்டு வாங்கிக்கொண்டான் பூவராகன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சுகந்தி ஓர் ஆஸ்பத்திரிக்காக நோயாளிகளின் டிஸ்சார்ஜ் குறிப்புகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிறவள். படப்பையில் இரண்டு அறை வீடு, முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதுதான் அவள் ஆபீஸ். கல்யாணமாகி ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் அவள் மேல் பட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் இந்தக் கதை முடியாது. தோசைக்கரண்டி பட்டிருக்கிறது. ஹெல்மெட் பட்டிருக்கிறது. கதவு பட்டிருக்கிறது, கதவை அவள்மேல் சாத்தினால் கணக்கில் வராது என்று அவன் நினைத்திருந்தான். கடைசியாக ஜூன் மாதத்தில், ஏதோ கேட்டதற்கு அவள் பதில் சொல்லாமல் பார்த்தாள் என்று, அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த மடிக்கணினியின் மூடியை, அவள் கை உள்ளே இருக்கும்போதே, ஓங்கி அறைந்து மூடினான். திரை சிதறியது. அவளுடைய இடது சுண்டுவிரலும் முறிந்தது. அன்று அந்த மனிதன் முதலில் குனிந்து பார்த்தது கீலை. பழக்கதோஷம்.

அதிலிருந்து சுகந்தி தேவைக்குமேல் பேசுவதில்லை. அண்ணனிடம் இரவல் வாங்கிய ஒரு பழைய கணினியில் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த மேசையின்மேல் பூவராகன் ஆமையை வைத்தபோது அவன் முகத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் களை.

"உனக்குத்தான். இதை யாராலயும் ஒடைக்க முடியாது. நானே ஒன்பது நிமிசம் அடிச்சுப் பாத்துட்டேன்," என்றான்.

சுகந்தி அதைத் தொட்டுப் பார்த்தாள். "லேசா இருக்கு," என்றாள்.

"அடி விழப்போகுதுன்னா டக்குனு ஒரு சத்தம் வரும். அப்பறம் பாரு, பாறாங்கல்லுதான். என் கோபம் எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி இதுக்குத் தெரியும்."

"உங்க கோபம் எனக்கும்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்தான். போனை ஏன் எடுக்கவில்லை என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தான். சுகந்தி மேசையில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

டக்.

விசைகள் அவள் விரலுக்கடியில் உள்ளே போய்விட்டன. அவள் சுட்டுக்கொண்டவள் போலக் கையை எடுத்து, தன் விரல்களையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூவராகன் நடு அறையில் நின்றான். கை பாதி உயர்ந்திருந்தது. அடிக்க ஆள் இல்லை. அந்தச் சின்னச் சத்தம் அவனைப் பிடறியில் பிடித்து நிறுத்தியது போலாயிற்று. அட, என்று நினைத்தான். இப்போது அடித்திருப்பேன். அடிக்கத்தான் போனேன். அது முந்திக்கொண்டது. பத்து நிமிடம் கழித்து, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது அவனுக்கு என்ன கோபம் என்பதே மறந்திருந்தது.

அன்று அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். டக் கேட்டால் வெளியே போய்விட வேண்டியது. அவ்வளவுதான். யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. பெண்டாட்டியை அடிக்காதே என்று சொன்னவர்கள் எல்லோரும் அடித்த பிறகு சொன்னவர்கள். அரை வினாடிக்கு முன்னால் சொல்ல ஒருவர்கூட இல்லை. இப்போது ஒன்று கிடைத்திருக்கிறது.

நிஜமாகவே செய்தான். டக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போவான். ஒரு நாள் மழையில் போனான். பதினான்கு நாள் அந்த வீட்டில் ஓர் அடிகூட விழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பதினான்கு நாள் இருந்ததில்லை. பூவராகன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். கடையில் நின்று சுகந்திக்குப் பிடித்த பங்கனப்பள்ளி மாம்பழம் பொறுக்கினான். அவள் துணி காயப்போடும்போது மறுமுனையைப் பிடித்தான். இதையெல்லாம் அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் கவனிக்கவும் செய்தான்.

ஆனால் டக் குறையவில்லை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை. கூடிக்கொண்டே போயிற்று. மாம்பழத்தோடு உள்ளே வந்தால் டக். டிவி பார்த்துச் சிரித்தால் டக். ஒரு நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்து, அவள் பின்னாலிருந்து, மிகவும் பிரியமாக, "சாப்ட்டியா சுகந்தி?" என்று கேட்டான். டக். அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒவ்வொரு தடவையும் விசைகள் மேலே வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதுவும் பண்ணலையேடி! இப்ப எனக்கு என்ன கோபம்?" என்று அவன் ஆமையைப் பார்த்துக் கத்தினான்.

வெள்ளிக்கிழமை அவன் ரெஜினாவின் அறைக்குப் போனான்.

"மேடம், ஆமை ரிப்பேர். சும்மா சும்மா இறுகிக்குது. என்னைத் திருட்டுப்பய மாதிரி பாக்குது. நான் இப்ப மாறிட்டேன், அதுக்குத் தெரியல."

ரெஜினாவின் முகம் மாறியது. காரணமில்லாமல் பூட்டிக்கொள்கிற மடிக்கணினியை எந்த ஆபீசும் வாங்காது. கணக்கெடுத்துப் பார்த்து முடிக்காமல் சான்றிதழும் கொடுக்க முடியாது. ஆமை அன்றன்றைக்கு அனுப்பிய பதிவுகளைத் தன் திரையில் வரவழைத்தாள். முகங்களை அது சேமிப்பதில்லை, ஆளின் அந்தரங்கம் என்று சட்டம் தடுக்கிறது. கோபத்தின் அளவு மட்டும் கோடு கோடாக இருந்தது. ரெஜினா அதைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"முப்பத்தொண்ணு தடவை. ஒண்ணுகூடப் பொய் இல்ல பூவராகன்."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"மூச்சு, ரத்தம், எல்லாம் பொருந்துது. அசல் கோபம்." அவள் ஒரு கோட்டை விரலால் தொட்டாள். "இங்க பாருங்க. இது சுத்தியல் அன்னிக்கு இங்க நீங்க காட்டினது. இது நேத்து மத்தியானம் உங்க வீட்ல. ரெண்டு மடங்கு. இவ்ளோ கோபத்தை நீங்க எங்களுக்கு ஒருநாள்கூடக் குடுத்ததில்லையே."

நேற்று மத்தியானம் அவன் சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தான்.

மாறிவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க, தன் தோலுக்கடியில் அவனுக்கே தெரியாமல் வேறொருவன் வளர்கிறானா? சிரிக்கும்போதும் மாம்பழம் நறுக்கும்போதும் அந்த ஆள் கை ஓங்கிக்கொண்டுதான் இருக்கிறானா? ஒரு நாள் டக்கையும் முந்திக்கொண்டு அவளைக் கொன்றுவிடுவானா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குத் தன்னைப் பார்த்துப் பயம் வந்தது. ரெஜினாவுக்கு அந்தப் பயம் புரிந்திருக்க வேண்டும். ஒரு வினாடி அவனையே பார்த்தாள். "உங்க வீட்டம்மா பத்திரமா இருக்காங்களா?" என்று கேட்க வாயெடுத்தவள், "சரி, இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க," என்று முடித்துக்கொண்டாள். இந்த மாதிரி இடத்தில் இப்படித்தான் முடித்துக்கொள்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி. ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு கிடையாது, சுகந்தி மேசையில் இருந்தாள். வெளியே நல்ல வெயில். பூவராகன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, மேசைக்கு மறுபக்கம், அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் ஆமை திறந்திருந்தது.

"சுகந்தி, கொஞ்சம் பேசணும்."

அவள் தட்டச்சை நிறுத்தினாள்.

"நான் உன்னை ரொம்ப அடிச்சுட்டேன். தப்புதான். ஏன்னு எனக்கே தெரியல. எங்கப்பன் அடிச்சான், அதுன்னு சொல்லலாம். அது இல்ல. எனக்கு அடிச்சா நல்லா இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன். இப்ப இருவது நாளா அடிக்கல. உனக்குத் தெரியுதுல்ல? இனிமேலும் அடிக்க மாட்டேன். போனது போகட்டும். மறந்துட்டு, ரெண்டு பேரும் பழையபடி..."

டக்.

பூவராகன் துள்ளி எழுந்தான். இரண்டு கையையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாரு! பாரு சுகந்தி, என் கை நடுங்குதா? என் மூச்சைப் பாரு. கோபமே இல்ல எனக்கு. சத்தியமா இல்ல. இது பொய் சொல்லுது!"

ஆமை பொய் சொல்லவில்லை. அவன் நாற்பதாயிரம் அடி அடித்ததும் ஏதாவது ஒரு திரைக்கு முன்னால் இருந்துதான். கூடத்தில் அடிக்கிறவனும் முன்னால் உட்காருகிறவனும் ஒரே ஆள். அந்தப் பழக்கத்தில், எங்கே டக் கேட்டாலும் அது தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டான். இப்போது அவன் கண்ணெதிரே இருந்தது மூடியின் முதுகு. சாம்பல் நிறம், ஒரு நக நீளக் கீறல். அதன் கண் மறுபக்கம் இருந்தது. அந்தக் கண் இந்த மூன்று வாரமும் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை அவன் அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தான்.

அவள் ஒன்றும் கத்தவில்லை. ஆமையை இரண்டு கையாலும் கீல் பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். கீல் பூட்டியிருந்ததால் மூடி ஆடவில்லை. கைக்கு வாகாக இருந்தது. இருபத்தாறு வாகில் மூலைதான் கொடியது என்று பூவராகனுக்குத் தெரியும். மூலைதான் வந்தது. தாடையில் இறங்கியபோது சுள்ளி முறிகிற சத்தம் அவன் தலைக்குள்ளேயே கேட்டது. வாயெல்லாம் ரத்தமும் பல்லும். அவன் நாற்காலியின்மேல் விழுந்து அதோடு பின்னால் சாய்ந்தான். இரண்டாவது அடி தோள்பட்டை எலும்பில். மூன்றாவதைத் தடுக்கக் கையை உயர்த்தினான். அது கையின்மேலேயே இறங்கியது. மூன்று விரல் போயிற்று.

பிறகு அடி விழவில்லை. அவன் தரையில் கிடந்து, ஒரு கண்ணால், நாலாவதற்காகக் காத்திருந்தான். தானாக இருந்தால் நாலாவதும் ஐந்தாவதும் உண்டு. சுகந்தி ஆமையை மேசையில் வைத்தாள். முந்தானையால் அதன் மூலையைத் துடைத்தாள். உள்ளே போயிருந்த விசைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவள் போனை எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னாள், தெரு அடையாளத்தோடு, பதறாமல்.

மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில், தாடை கம்பியால் கட்டப்பட்டு, பூவராகன் படுத்திருந்தான். பேச முடியாது, கஞ்சியைக் குழலால் உறிஞ்சலாம். இடது கைக்கு ஒரு பேனாவும் நோட்டும் கொடுத்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, என்ன நடந்தது என்று எழுதித் தரும்படி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். பூவராகன் வெகுநேரம் யோசித்து, கோணல் எழுத்தில், 'மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டேன்' என்று எழுதினான். எழுதி முடித்ததும் நெஞ்சு விம்மியது. அவளுக்காகத் தான் செய்கிற முதல் நல்ல காரியம் என்று அவனுக்குப் பட்டது.

சுகந்தி வந்தாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. அவன் நோட்டை அவள் பக்கம் திருப்பினான். அவள் படித்தாள்.

"நம்ம வீட்ல மாடியே இல்லையே," என்றாள். அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்தாள். "நான்தான் அடிச்சேன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். எதுக்காகன்னும் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் வழுக்கி விழுந்தேன், கதவுல இடிச்சுக்கிட்டேன்னு ஒன்பது வருசம் நான் எழுதிக் குடுத்தது போதும். நீங்க வேற ஆரம்பிக்காதீங்க."

அப்போதுதான் ரெஜினா உள்ளே வந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். பூவராகனைப் பார்த்து வருத்தமான முகம் வைத்துக்கொண்டாள். அது உண்மையான வருத்தம்தான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆமை இப்போது போலீஸ் ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாக இருந்தது. அதில் அங்கே யாரோ சீட்டு விளையாடுகிறார்களாம், ஒரு பழுதும் இல்லையாம். அந்தச் சந்தோஷத்தை மறைக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. பிறகு சுகந்தியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைப் பதிவைப் பாத்தேன். வீட்ல வந்த எல்லாமே உங்களோடதுன்னு அப்பதான் புரிஞ்சுது. எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்." சிறிது தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அப்படி ஒரு அளவை நான் எந்த ஆள்கிட்டயும் பாத்ததில்ல. எங்களுக்கு இப்ப ஒரு ஆள் வேணும். போலீஸ் வக்கீல் எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க எப்ப வந்து சேரலாம்?"

பூவராகன் தலையைத் தூக்க முயன்றான். கம்பி இழுத்தது.

சுகந்தி ரெஜினாவை நிதானமாகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்றுதான் ரெஜினா எதிர்பார்த்திருக்க வேண்டும், கொஞ்சம் ஆசையாகக்கூட.

"எனக்கு இப்பக் கோபமே வரல மேடம். மூணு அடி அடிச்சேன். அதோட தீந்துபோச்சு. தேடிப் பாத்தாலும் இல்ல." கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். அடித்த கையால் அவன் போர்வையைச் சரி செய்தாள். "இவரு ஒன்பது வருசமா அடிச்சாரு. அத்தனை அடிச்சும் இவருக்கு மட்டும் ஏன் தீரவே இல்லைன்னுதான் எனக்குப் புரியல. நீங்க படிச்சவங்க, மிஷின் எல்லாம் வெச்சிருக்கீங்க. அதைக் கொஞ்சம் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

ரெஜினா ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். நாலு மணிக்கு ஸ்டேஷனில் இருக்கச் சொல்லியிருந்தார்கள், படப்பை பஸ் மூன்றேகாலுக்கு. பூவராகன் அவளைக் கூப்பிட நினைத்தான். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவள் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.